எஸ்விஎன் கிளீனப்பும் ஓடாவிட்டால் போல்டரை அழிக்கத்தான் வேண்டுமா?

அழிக்க வேண்டாம். கோட் திருத்தங்களைச் சர்வரில் சேர்த்து வைக்கும் எஸ்விஎன், பாதியில் நின்ற வேலையைச் சீராக்க கிளீனப் செய் என்கிறது, செய்தால் கிளீனப்பே பிழை காட்டி நிற்கிறது, கமிட் பண்ணாத, அதாவது சர்வருக்கு அனுப்பாத வேலை உள்ளே கிடக்கிறது, அதுதானே பிரச்சினை? வேலைக்குப் புதிது, சீனியரிடம் கேட்கக் கூச்சம் என்று நினைக்கிறேன். கேட்டாலும் "அழித்துவிட்டுப் புதிதாகச் செக்அவுட் எடு", அதாவது சர்வரிலிருந்து புதுப் பிரதி இறக்கு, என்றுதான் சொல்வார். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலில் மறைந்திருக்கும் டொட் எஸ்விஎன் (.svn) போல்டரோடு சேர்த்து முழுவதையும் வேறு இடத்துக்குக் கொப்பி எடுங்கள். எடிட்டர், டோர்டாய்ஸ் என்ற எஸ்விஎன் செயலி எல்லாவற்றையும் மூடிவிட்டு, மேல் போல்டரில் நின்று கிளீனப் கொடுங்கள், உள் போல்டரில் நின்று அல்ல. பலருக்கு இதிலேயே சரியாகிவிடும். "முந்தைய வேலை முடியவில்லை" என்று அடம்பிடித்தால், டொட் எஸ்விஎன்னுக்குள் டபிள்யூசி டொட் டிபி (wc.db) என்று ஒரு எஸ்கியூலைட் டேட்டாபேஸ் ஃபைல் இருக்கும். அதில் முடியாத வேலைகள் நிற்கும் வேர்க் கியூ (WORK_QUEUE) அட்டவணையின் வரிகளை மட்டும் அழித்துவிட்டு மறுபடி கிளீனப். இது முறையான வழி இல்லை என்று யாராவது சண்டைக்கு வருவார்கள், தெரியும். அதற்குத்தான் முதலில் கொப்பி எடுக்கச் சொன்னேன்.

எனக்கு அந்த டிபியே உடைந்திருந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டதே, அன்றைக்கு திருகோணமலை உப்புவெளியில் வீட்டிலிருந்து அப்டேட், அதாவது மற்றவர்களின் புதுத் திருத்தங்களை, எடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் டெஸ்க்டொப் செத்தது. பின்னேரம் கரண்ட் வந்து திறந்தால், டேட்டாபேஸ் பழுது என்கிறது. உள்ளே முடிக்காத பில்லிங் திருத்தம். அரைகுறையாகக் கமிட் பண்ணக்கூடாது என்பது ஆபீஸ் கட்டளை, ஆகவே "ஏன் கமிட் பண்ணவில்லை" என்று என்னிடம் கேட்காதீர்கள்.

புதிய செக்அவுட் நானும் எடுத்தேன். ஆனால் பக்கத்துப் போல்டரில், பழைய ரிவிஷனில், அதாவது நான் கடைசியாக ஒழுங்காக எடுத்திருந்த பதிப்பில். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கடைசி ரிவிஷனை எடுத்து அதன்மேல் பழைய ஃபைல்களைக் கொட்டினால், இடையில் மற்றவர்கள் செய்த திருத்தங்களை நீங்களே திருப்பி அழித்ததாகத்தான் எஸ்விஎன் எடுத்துக்கொள்ளும். கமிட் பண்ணினால் திங்கட்கிழமை ஆபீஸில் ஊர்ச்சண்டை. நான் கடைசியாக ஒழுங்காக அப்டேட் எடுத்தது வெள்ளிக்கிழமை. ரிவிஷன் நம்பர் தெரியாவிட்டாலும் திகதி கொடுத்தே செக்அவுட் எடுக்கலாம். அதன்மேல் என் ஃபைல்களை, டொட் எஸ்விஎன்னை மட்டும் விட்டுவிட்டு, போட்டேன். ஸ்டேட்டஸில் கேள்விக்குறியோடு, அதாவது எஸ்விஎன்னுக்குத் தெரியாத ஃபைல்களாக நின்றவற்றில் என்னுடையதற்கு ஆட் கொடுத்தேன். பாதி அப்டேட்டில் வந்து விழுந்திருந்த மற்றவர்களின் புது ஃபைல்களைத் தூக்கினேன். பிறகுதான் அப்டேட். இரண்டு பக்கத் திருத்தங்களையும் சேர்க்கும் மேர்ஜ் தானாக நடந்தது. மாற்றங்களைக் காட்டும் டிஃபைத் திறந்தால் பில்லிங் வரிகள் மட்டும் பச்சையில் நின்றன. அழி என்கிற சீனியர்கள் சொன்னபடி அழித்திருந்தால் ஒரு கிழமை உழைப்பு போயிருக்கும்.

பெயர் மாற்றிய, நீக்கிய ஃபைல்கள் மட்டும் இந்த வழியில் வராது. அவற்றை மறுபடி எஸ்விஎன் மூலமே செய்ய வேண்டும்.

"இந்தக் காலத்தில் எஸ்விஎன்னா, கிட்டுக்கு மாறு" என்று இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளைச் சொல்லி வருகிறவர்களுக்கு: மாறுவதை முடிவு பண்ணுவது நான் இல்லை. கிட்டிலும் கரண்ட் போனால் இன்டெக்ஸ் டொட் லொக் என்ற பூட்டு ஃபைல் மிஞ்சும், சில நேரம் ஒப்ஜெக்ட் ஃபைல் வெறுமையாகக் கிடக்கும். பார்த்திருக்கிறேன்.

உண்மையில் கோபம் எஸ்விஎன்னில் இல்லை, கரண்ட் போனதும் பட்டரியில் தாங்க வேண்டிய யூபிஎஸ்ஸில். புதிது. திறந்து பார்த்தால் பட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருந்தது. கடைக்காரர் "தம்பி, இது கடற்காற்று, வாரண்டியில் வராது" என்றார். திருகோணமலையில் கடை வைத்துக்கொண்டு சொல்கிற கதையா இது? மூன்று பக்கமும் கடல் என்று விற்கும்போது தெரியாதா? அடுத்த இரண்டு நாளும் நாடெங்கும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வேறு. மின்சாரம் என்றால் எல்லாவற்றுக்கும் இங்கே திருகோணமலைப் பக்கத்துச் சம்பூரைத்தான் தீர்வு என்கிறார்கள். அங்கே நிலக்கரி மின்நிலையம் என்று சொல்லி 2016 இல் கைவிட்டாயிற்று, இப்போது சூரிய மின்சாரமாம்.

சரி, உங்கள் எஸ்விஎன் எந்தப் பதிப்பு? 2011 இல் வந்த 1.7 க்கு முந்தியது என்றால் ஒவ்வொரு போல்டருக்குள்ளும் தனித்தனி டொட் எஸ்விஎன் இருக்கும், டிபி கதை அதற்குப் பொருந்தாது. பிழைச் செய்தியை அப்படியே போடுங்கள், பார்க்கலாம்.