கரையில யாரு நிக்கிறா?

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்கு தூத்துக்குடி மாவட்டத்துல, தாமிரபரணி ஆத்தங்கரையில இருக்கற ஏரல் பக்கம். 2023 டிசம்பர்ல எங்க வீட்ல ஜன்னல் மட்டத்துக்கு தண்ணி, அம்மாவை மொட்டை மாடியில வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் இருந்தோம். இப்பவும் மழைன்னாலே எங்க குடும்ப குரூப்ல சண்டைதான். அணையைத் திறந்துவிட்டதுதான் காரணம்னு சித்தப்பா, மணல் அள்ளுனதுன்னு மச்சான். ஆத்துக்கு ரெண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் கட்டணும்ங்கறது என் கட்சி. நம்ம முன்னோர்கள் குடிமராமத்துன்னு ஊரே சேர்ந்து குளம், வாய்க்காலை ஒத்துமையா பராமரிச்சதை அரசாங்கம் கெடுத்துட்டதாவும் தோணுது. உண்மையில யார் பொறுப்பு?

*

தம்பி, அம்மா இப்ப எப்படி இருக்காங்க? அதை எழுதாம விட்டுட்டீங்களே. மழை சத்தம் கேட்டா தூங்குறாங்களா?

அணை விஷயத்தை முதல்ல முடிச்சிடறேன். டிசம்பர் 18 காலையோட முடிஞ்ச ஒரு நாள்ல காயல்பட்டினத்துல 95 செ.மீ., திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62. உங்க பக்கம் வருஷம் பூரா பெய்யற மழை ஒரே நாள்ல. அது ஆத்துக்கு மேல மலையடிவாரத்துல இருக்கற பாபநாசம் அணைக்குள்ள விழல, அணைக்கு ரொம்ப கீழ, உங்க கூரை மேல விழுந்துச்சு. மேல இருந்தும் ஆத்துல தண்ணி வந்துச்சு, இல்லைங்கல, ஆனா காயல்பட்டினத்துல பெய்யறதை எந்த அணையும் புடிச்சு வைக்க முடியாதுன்னு சித்தப்பாகிட்ட சொல்லுங்க. மணல் அள்ளுனதுக்கு தனியா உக்காந்து அழணும், அன்னிக்கு ராத்திரிக்கு அது பதில் இல்ல. சுவர் வேண்டவே வேண்டாம். ஊருக்குள்ள பெய்யற மழை ஆத்துக்குப் போக வழியில்லாம உங்க வீட்லயேதான் நிக்கும்.

என் மனசுல கெடக்கறது குளம். அந்த ராத்திரி எத்தனை குளம் உடைஞ்சுச்சு! மேல ஒரு குளம் உடைஞ்சா அந்த தண்ணி மொத்தமா அடுத்த குளத்துக் கரையில போய் மோதும், அதுவும் போயிரும். கோரம்பள்ளம் குளம் உடைஞ்சு தூத்துக்குடிக்குள்ள தண்ணி வந்துச்சு. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோட ஸ்ரீவைகுண்டத்துல நின்னுச்சே, ஜல்லியெல்லாம் அரிச்சிட்டுப் போயி தண்டவாளம் அந்தரத்துல தொங்குன போட்டோவை பாத்திருப்பீங்க.

எனக்கு ஒம்பது பத்து வயசு இருக்கும். ஐப்பசி மழையில எங்க ஊர் குளம் நிறைஞ்சு மறுகால் பாயுது, அதாவது மிச்ச தண்ணி வெளியேற விட்டிருக்கற வழியில ஓடுது, ராத்திரி அப்பா அரிக்கேன் விளக்கோட கரைக்குப் போறாரு, நானும் அழுது அடம்புடிச்சு பின்னாடியே போனேன். அங்க குளத்து மடையையும் கரையையும் பாத்துக்கற மடைக்குடும்பர் கோணிச்சாக்கை தலையில போட்டுக்கிட்டு கரையோட வெளிச்சரிவுல வெறுங்காலோட நடந்துக்கிட்டு இருந்தாரு. காலாலயே ஈரத்தை தேடுவாரு. ஒரு எடத்துல நின்னு, குனிஞ்சு, கசியற தண்ணியை உள்ளங்கையில ஏந்தி விளக்கு வெளிச்சத்துல பாத்தாரு. தெளிவா வந்தா பயமில்ல, கலங்கி வந்தா கரைக்குள்ள இருக்கற மண்ணு வெளிய வருதுன்னு அர்த்தம். அன்னிக்கு அது கலங்கித்தான் வந்துச்சு. உடனே உள்பக்கம் போயி தண்ணி மேல உமியைத் தூவுனாரு. கொஞ்சம் உமி ஒரு எடத்துல மெல்ல சுத்தி உள்ள இறங்குச்சு. நண்டு வளை. வைக்கோல் பிரியை பந்தா உருட்டி, களிமண்ணை அப்பி, கழுத்தளவு தண்ணியில இறங்கி அடைச்சாரு. வெளிய ஆளுங்க மண்ணுச்சாக்கை வட்டமா அடுக்குனாங்க. விடியறப்ப கசிவு தெளிஞ்சிருச்சு.

என் கட்டைவிரல் தண்டிகூட இல்லாத ஓட்டை, தம்பி. அந்த ஓட்டையை அந்த நேரத்துல பாக்கறதுக்கு ஒரு ஆள் இருந்தாரு.

இப்ப முன்னோர்கள் ஒத்துமைக்கு வரேன், இங்கதான் எனக்கு கோவம் வருது. யாருடைய முன்னோர்கள்? அந்த மடைக்குடும்பர் எழுபது வயசு மனுஷன், எங்க வீட்டு திண்ணையில அவர் உக்காந்து நான் பாத்ததில்ல. சின்னப்பயலான நான் அவரைப் பேர் சொல்லி கூப்பிட்டேன், யாரும் தப்புன்னு சொல்லல. கூலி அறுப்பு முடிஞ்சு களத்துல அளந்து போடற நெல்லு, அதுவும் விளைஞ்சாத்தான். கரை உடையற ஆபத்து வந்தா ஆளுங்களை கட்டாயமா வேலைக்கு இழுக்கலாம்னு வெள்ளைக்காரன் 1858ல சட்டமே போட்டிருக்கான், கட்டாய வேலைச் சட்டம்னு பேரு. எல்லாரும் சந்தோஷமா ஓடி வந்திருந்தா அதுக்கு சட்டம் எதுக்கு? கழுத்தளவு தண்ணியில எறங்குனது யாரு, கரையில விளக்கு புடிச்சுக்கிட்டு நின்னது யாருன்னு கேக்காம குடிமராமத்துன்னு பெருமை பேசாதீங்க. அந்த வேலையை இன்னிக்கு அவர் பேரன் செய்யல, செய்யவும் வேண்டாம், அந்தக் கூலிக்கும் அந்த மரியாதைக்கும் எவன் செய்வான்?

ஆனா வேலை அப்படியே கெடக்கு. காகிதத்துல பொறுப்பு தெளிவா இருக்கு, 100 ஏக்கருக்கு மேல பாசனம்னா நீர்வளத்துறை, கம்மின்னா ஊராட்சி ஒன்றியம். ராத்திரி ரெண்டு மணிக்கு கரையில நிக்கறது யாருன்னு கேட்டா பதில் இல்ல. சம்பளம், டார்ச், ரப்பர் பூட்ஸ், இன்சூரன்ஸ் எல்லாத்தோடயும் குளத்துக்கு ஒரு ஆள் வேணும், ஊர்ல எல்லார் போன்லயும் அந்த ஆள் நம்பர் இருக்கணும். கோடிக்கணக்குல தூர்வாரிட்டு இதை மட்டும் விட்டா நான் ஒத்துக்க மாட்டேன்.

அடுத்த லீவுக்கு ஊருக்கு வந்தா உங்க குளத்துக் கரையில இந்த முனையில இருந்து அந்த முனைக்கு நடங்க. கருவேலத்துக்குள்ள மறுகால் எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க, தண்ணி போற ஓடையில வீடு இருக்கான்னும் பாருங்க. பாத்துட்டு எனக்கு எழுதுங்க. அம்மாவைப் பத்தியும் எழுதுங்க.