வெக்கைக்குக் கூலர், புழுக்கத்துக்கு?

கேள்வி: என் மகள் மதுரையில், அழகர்கோவில் சாலைப் பக்கம் ஒரு விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டைமாடிதான். அறைக்கு மூன்று பேர். ராத்திரி ஒரு மணி வரை தூக்கமே இல்லை என்று போனில் அழுகிறாள். ஏசிக்கு அனுமதி இல்லை, கூலர் என்றால் சரி என்கிறார் வார்டன். கூலர் வாங்கலாமா? இணையத்தில் 1,999 ரூபாய்க்கு ‘மினி ஏசி’ என்று வருகிறதே, அது போதுமா?
– உசிலம்பட்டி வாசகி

பதில்: அம்மா, அந்த மினி ஏசியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஏசி என்பது அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிற யந்திரம். வெளியே மாட்டும் பெட்டியோ, ஜன்னல் வழியே போகும் குழாயோ இல்லாவிட்டால் அது ஏசி இல்லை. போன் சார்ஜர் ஒயரில் ஓடும் அந்தச் சின்னப் பெட்டி, ஈரப் பஞ்சுக்குப் பின்னால் ஒரு குட்டி விசிறி; அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உடம்பே ஏறக்குறைய 100 வாட் சூட்டை வெளியே விடுகிறது. மூன்று பிள்ளைகள், மூன்று லேப்டாப் இருக்கும் அறையில் அது எதைக் குளிர்விக்கும்?

கூலர் விஷயம் வேறு. நம் ஊரில் வெக்கை என்றும் புழுக்கம் என்றும் இரண்டு சொல் வைத்திருக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. வெக்கையில் காற்று காய்ந்து கிடக்கும். துவைத்துப் போட்ட துண்டு ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று ஆகிவிடும். புழுக்கத்தில் வியர்வை காயாமல் பிசுபிசுக்கும். தண்ணீர் ஆவியாகும்போது காற்றில் உள்ள சூட்டை இழுத்துக்கொள்வதால்தான் கூலர் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் ஆவியாக இடமில்லை. அதனால் பங்குனி, சித்திரையில் மதுரைக்குக் கூலர் கைகொடுக்கும். ஆடிக் காற்றிலும் ஓரளவு. ஐப்பசி, கார்த்திகையில் அதைப் போட்டால் அறை நீராவி அடித்ததுபோல் ஆகும். அப்போது தண்ணீர்ப் பம்பை நிறுத்திவிட்டு வெறும் விசிறியாக ஓட்டச் சொல்லுங்கள்.

வாங்கியவர்களில் பலர் கதவு, ஜன்னலை அடைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். அதுதான் தப்பு. கூலரின் முதுகு திறந்த ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் கதவோ வென்டிலேட்டரோ திறந்திருக்க வேண்டும். ஈரக்காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் வெக்கை அறை புழுக்க அறையாகிவிடும். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே ஜன்னல், அதையும் திறக்க முடியாது என்றால் கூலரே வேண்டாம்.

விடுதியில் உப்புத் தண்ணீர்தான் வருகிறதா என்றும் கேளுங்கள். போர் தண்ணீரில், கூலருக்குள் நனைகிற தேன்கூடு பேடு (தேன்கூடுபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும் அட்டை) வெள்ளை படிந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் காயவைப்பது கட்டாயம். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

ஆனால் கடைக்குப் போகும் முன் ஒரு காரியம். அறையின் சீலிங் ஃபேன் ஐந்தில் வைத்தும் மெதுவாகத்தான் சுற்றுகிறதா? பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும். நூறு ரூபாய்க்குள் வருகிற பொருள், எலக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிட வேலை. இறக்கையில் ஒட்டிய தூசியையும் துடைக்கச் சொல்லுங்கள். எத்தனையோ விடுதிப் பிள்ளைகள் இந்தச் சின்னப் பழுதுக்காக மாதக்கணக்கில் வெந்து கிடக்கிறார்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

உங்கள் மகள் அறைக்கு உண்மையான எதிரி தலைக்கு மேல் இருக்கும் கான்கிரீட். பகலெல்லாம் குடித்த வெயிலை அது நள்ளிரவு வரை கீழே இறக்குகிறது. ஒரு மணி வரை தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்டோ அடித்தால் அந்தச் சூடு கணிசமாகக் குறையும். இது விடுதி நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை. மேல்மாடிப் பிள்ளைகளின் பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து, மாசி மாதமே எழுத்தில் கேளுங்கள். அதுவரை, பொழுது சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்ததும் ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலில், முகம் வெளியே பார்க்க வைத்து ஓட்டினால் அறையின் சூடு வெளியேறும்.

கேள்வி: திருப்பரங்குன்றத்தில் நான்கு மாணவர்கள் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறோம். ஒரு டன் ஏசி மாட்டினால் கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

பதில்: மணிக்கு முக்கால் யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 8 மணி நேரம், 60 நாள்: 360 யூனிட். மற்ற செலவோடு சேர்ந்து இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கட்டணம் ஏறிவிடும். தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 26 டிகிரியில் வைத்து மேலே ஃபேனை ஓட்டினாலே நன்றாகத் தூங்கலாம். ஏசியை 16 ஆம்பியர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கூடவே கூடாது. பழைய வீடாக இருந்தால் ஒயரிங்கைச் சோதிக்காமல் மாட்டாதீர்கள்.

கேள்வி: மதுரையில் வாங்கிய கூலரின் மோட்டார் இருபதே நாளில் நின்றுவிட்டது. கடையில் ‘கம்பெனியைக் கேளுங்கள்’ என்கிறார்கள். என் சொந்த ஊர் திண்டுக்கல்.

பதில்: பில், வாரன்டி அட்டை, பழுதான கூலரின் வீடியோ மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் அனுப்பிவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், திண்டுக்கல்லிலேயே முடியும். 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. விற்றவர், தயாரித்தவர் இருவரையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனாலும் வாரன்டி முடியும் முன்பே முதல் புகாரை அனுப்பிவிடுங்கள்.