விசா வேண்டாத ஊருக்குப் போக நினைக்கும் மகளுக்கு

அம்மா, வணக்கம். சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், படிப்பு முடிந்ததும் ஆர்க்டிக்கில் உள்ள லாங்இயர்பியன் என்ற ஊருக்குப் போய் வேலை தேடப்போவதாகச் சொல்கிறாள், விசாவே வேண்டாமாம், இது ஏதாவது மோசடியா என்று கேட்டிருந்தீர்கள். மோசடி இல்லை. அவள் சொல்வது உண்மை, ஆனால் பாதிதான்.

அந்த ஊர் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், 78 டிகிரி வடக்கில் இருக்கிறது. 1920-இல் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, அதில் சேர்ந்த நாடுகளின் குடிமக்கள் அங்கே தங்கித் தொழில் செய்யலாம். அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவும் அதில் உண்டு. ஆனால் விமானம் நார்வே பெருநிலம் வழியாகத்தான் போகும். அதற்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா கட்டாயம். ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால், திரும்பி வரவும் சேர்த்து இருமுறை நுழையும் விசாவாக வாங்க வேண்டும்.

சரி, போய் இறங்கிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். நான் கவலைப்படுவது அதற்கப்புறம் நடப்பதைப் பற்றித்தான். தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவரை ஸ்வால்பார்ட் ஆளுநர் திருப்பி அனுப்பலாம். அந்த ஊரில் வீடுகள் பெரும்பாலும் நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. வேலை போனால் பல நேரம் வீடும் போகும். கைச்செலவுக்குக் கொஞ்சம் பணத்தோடு போய்ச் சமாளித்துவிடலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே எத்தனை வருடம் இருந்தாலும் நார்வேயில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான கணக்கில் அது சேராது என்பதையும் அவளிடம் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு சிவில் மாணவிக்கு அந்த ஊர் ஏன் பிடித்துப்போனது என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. ஸ்வால்பார்ட் பரப்பில் தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட பாதி. அதில் பாதிக்கு மேல் பனியாறு. லாங்இயர்பியனில் சுமார் 2,500 பேர்தான், அதிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட நாட்டினர். வேறு ஊர்களுக்குச் சாலை கிடையாது. ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் நிலத்தில் தூண்கள் இறக்கி, அதன் மேல் வீடு கட்டுகிறார்கள். கோடையில் மேல்மண் இளகும்போது அந்தத் தூண்கள் அசையாமல் நிற்க வேண்டும். நிலம் சூடாகச் சூடாக அந்தக் கணக்கு கடினமாகிக்கொண்டே வருகிறது.

இந்த வேலையெல்லாம் 2002-இல் தொடங்கிய 15 உறுப்பினர் கொண்ட உள்ளாட்சி மன்றத்தின் தலையில்தான். சாலை, குடிநீர், மின்சாரம், குப்பை, பள்ளிக்கூடம் எல்லாம் அதன் பொறுப்பு. ஊர் எல்லையைத் தாண்டினால் அதற்கு அதிகாரம் இல்லை. தீவுக்கூட்டம் முழுவதற்கும் ஆளுநர்தான் பொறுப்பு, காவல்துறைத் தலைவரும் அவரே. 2015 டிசம்பர் 19-இல் மலைச்சரிவிலிருந்து பனிச்சரிவு இறங்கி 11 வீடுகளை அடித்துப்போட்டது, இரண்டு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆபத்தான இடத்து வீடுகளை அகற்றுவதும், சரிவில் பனித்தடுப்புகள் அமைப்பதும் பெரிய அளவில் நடந்தன. நிலக்கரியால் பிறந்த ஊர் அது. 2023-இல் மின்நிலையம் நிலக்கரியிலிருந்து டீசலுக்கு மாறியது. 2025-இல் கடைசி நார்வே சுரங்கமும் மூடப்பட்டது. இனி எதை வைத்து ஊரைச் சூடாக்குவது என்பது அந்தச் சின்ன மன்றத்தின் பெரிய கேள்வி. (வெளிநாட்டவர் அந்த மன்றத் தேர்தலில் வாக்களிக்க, நார்வே பெருநிலத்தில் மூன்று ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும் என்று 2022-இல் விதியை மாற்றிவிட்டார்கள். அங்கேயே குடியிருந்து உழைப்பவர்களுக்கு இது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.)

ஆகவே போகட்டும், படிப்பு வழியாகப் போகட்டும். 1993-இல் அங்கே தொடங்கிய ஸ்வால்பார்ட் பல்கலைக்கழக மையத்தில் ஆர்க்டிக் தொழில்நுட்பம் ஒரு துறை. ஆங்கிலத்தில்தான் பாடம். அது தனியாகப் பட்டம் தராது. வேறு பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள்தான் வந்து பருவப் பாடங்கள் எடுப்பார்கள். முதலில் மண் இயக்கவியல், அடித்தளப் பொறியியல் பக்கம் ஒரு முதுநிலைப் படிப்பில் சேர்வது நல்லது. நம் நாட்டிலிருந்தே இன்னொரு வாசலும் உண்டு. ஸ்வால்பார்டிலேயே உள்ள நி-ஓலெசுண்ட் என்ற ஆய்வுக் கிராமத்தில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இயங்குகிறது. அதை கோவாவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. அங்கே 2014-இல் கடலுக்குள் இறக்கிய ஆய்வுக்கருவியை உருவாக்கியதில் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. இந்த இரண்டின் அறிவிப்புகளையும் இப்போதிருந்தே அவள் பார்த்து வரட்டும்.

அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை அங்கே சூரியன் எழாது. அதை மனம் தாங்குமா என்று நீங்கள் கேட்பதைவிட, அங்கே குளிர்காலத்தைக் கழித்த ஒரு மாணவரிடம் அவளே கேட்டுத் தெரிந்துகொள்வது மேல். அடுத்த முறை வரும்போது அவளையும் கூட்டி வாருங்கள், மதிப்பெண் பட்டியலோடு.