கடைசிப் பக்கத்திலிருந்து

வணக்கம் ஐயா,

சேலம் சூரமங்கலத்தில் இருக்கிறோம். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். போன புத்தகக் கண்காட்சியில் ஐந்து பாகச் சரித்திர நாவல் ஒன்றை அவளுக்கென்று ஆசை ஆசையாக வாங்கினேன். எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அது அட்டைகூடக் கசங்காமல் ஷோகேஸில் நிற்கிறது. அவளோ தோழிகளிடம் வாங்கி வருகிற ஜப்பான் படக்கதைகளைத்தான் படிக்கிறாள். கறுப்பு வெள்ளையில் கண்ணைப் பெரிது பெரிதாக வரைந்த பொம்மைகள். அதையும் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறாள். கேட்டால் சிரிக்கிறாள். நான் அவள் வயதில் இதே நாவலை, வார இதழிலிருந்து கிழித்து பைண்டு செய்து சித்தி வீட்டுப் பரணில் போட்டிருந்ததை, பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவள். இந்த வயதுப் பிள்ளைகள் புத்தகத்தில் என்னதான் தேடுகிறார்கள்? அடுத்த வருஷம் பத்தாவது. அப்புறம் படிக்க நேரமும் இருக்காது.

(பெயர் போட வேண்டாம்.)

வணக்கம்மா,

முதலில் ஒரு சின்ன விஷயம். உங்கள் பெண் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கவில்லை. அந்தப் புத்தகத்துக்கு அதுதான் முதல் பக்கம். மாங்கா என்கிற ஜப்பானியப் படக்கதை வலமிருந்து இடமாகப் போகும். வேற்று மொழியில் போடும்போதும் இப்போதெல்லாம் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவள் சிரித்ததில் தப்பில்லை.

என்ன தேடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆசிரியனும் இல்லை, மனநல மருத்துவனும் இல்லை. அஸ்தம்பட்டி பக்கம் ஒரு கிளை நூலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்காருகிறவன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு பையன் வந்தான். மீசையை முளைக்க விடலாமா வேண்டாமா என்று முகம் யோசித்துக்கொண்டிருக்கிற வயசு. அலமாரியில் ஒரு புத்தகத்தை உருவினான். முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நட்ட நடுவில் பிரித்தான். பேச்சு இருக்கிறதா, இல்லை பத்தி பத்தியாக அடைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிறான். அடுத்து, மொத்தம் எத்தனை பக்கம். அதற்கப்புறம் அவன் செய்ததுதான் எனக்குப் புதுசு. பின்னட்டையைத் திறந்து, திருப்பித் தர வேண்டிய தேதிக்குச் சீல் குத்துகிற தாளைப் பார்த்தான். சீல் நெருக்கமாக இருந்தவற்றைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். 2009க்குப் பிறகு சீலே விழாத ஒன்றைச் சட்டென்று சொருகிவிட்டான். அது எனக்கு உயிரான புத்தகம், வயிறு எரிந்தது. ஆனால் பிரியாணிக் கடையில் நாமும் கூட்டத்தைப் பார்த்துத்தானே நுழைகிறோம்.

கடைசியில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். "சார், இதுல யாராவது செத்துருவாங்களா?"

"ஆமாம்பா, ரெண்டு பேர்."

"அப்பச் சரி" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த 'அப்பச் சரி'யில் நிறைய இருக்கிறது. நாம் அவர்களுக்குக் கொடுக்கிற புத்தகங்களில் யாரும் சாவதில்லை, யாரும் கெட்டுப்போவதில்லை, எல்லாரும் திருந்திவிடுகிறார்கள். பதினாலு வயசில் தாத்தா செத்திருப்பார், பக்கத்து வீட்டு அக்கா ஓடிப்போயிருப்பாள், அப்பாவின் கடன் காதில் விழுந்திருக்கும். இதையெல்லாம் யாரும் உட்காரவைத்து விளக்குவதில்லை. புத்தகத்திலாவது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதனால்தான் பதினாலு வயசுக்காரர்கள் பதினாறு பதினேழு வயசுக்காரர்களின் கதையைத் தேடுவார்கள், பத்து வயசுச் சிறுவன் வந்தால் கீழே வைத்துவிடுவார்கள். தமிழில் அந்த இடம்தான் காலி. முயல், நரி, ராஜகுமாரியிலிருந்து ஒரே தாவாகப் பெரியவர்களின் குடும்பச் சண்டைக்குப் போய்விடுகிறோம். இடையில் எழுதுகிறவர்கள் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், விரல் விட்டு எண்ணலாம்.

இதில் இன்னும் பாவம், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள். அரசுப் பள்ளி வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று வாசிக்கிற திறனை வைத்து நாலு படியாகப் புத்தகம் பிரித்திருக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் தடுமாறிப் படிக்கிற ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கும் ஒன்பதாம் வகுப்பு மனசுதான் இருக்கிறது. முயல் படம் போட்ட அட்டையோடு டவுன் பஸ்ஸில் அவன் உட்கார மாட்டான். எளிய தமிழில், பெரிய எழுத்தில், பெரிய பையனின் கதை வேண்டும். எழுதுகிறவர்கள் யோசிக்கலாம், நானும் சேர்த்துத்தான்.

உங்கள் பெண் படிக்கிற மாங்காவுக்கு வருகிறேன். ஜப்பானில் புத்தகத்தை வாசகரின் வயசையும், பையனா பெண்ணா என்பதையும் பார்த்தே பிரித்து விற்கிறார்கள். ஷோனென் என்றால் பையன், ஷோஜோ என்றால் பெண், அதுவே புத்தக வகையின் பெயரும். கதையில் வருகிறவர்கள் பாதிப் பேர் பள்ளிச் சீருடையில் இருப்பார்கள். அப்புறம் புத்தகத்தின் முதுகில் எண். ஒன்று, இரண்டு, பதினேழு என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு தடவை தேர்ந்தெடுத்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு அடுத்து என்ன என்ற கவலை கிடையாது. நம் தலைமுறைக்குப் புரியாத ருசியா இது? 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தபோது எத்தனை வீட்டில் முதுகில் அறை விழுந்தது! அடித்த அப்பாக்களும் கல்கண்டு பத்திரிகைக்கும் துப்பறியும் கதைக்கும் அடி வாங்கியவர்கள்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவும் ரைட்டர்தான். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் செக்ரோல், அதாவது கூலியாட்களின் வருகைக் கணக்கு, எழுதுகிற ரைட்டர். மலையில் போர்டிங் பள்ளிகள் உண்டல்லவா, வருஷக் கடைசியில் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போகிற புத்தகங்கள் ஒண்டிக்கடைப் பக்கம் பழைய பேப்பர் கடைக்குச் சாக்கில் வரும். எடைக்குத்தான் விலை. ஒரு நாள் அட்டை போன ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை உருவினேன். முதல் பக்கத்தில் மூன்று பெயர், ஒன்றன் கீழ் ஒன்று. முதல் இரண்டும் அடித்திருந்தது. மூன்றாமவன் தன் பெயருக்குக் கீழே 'ஒன்பதாவது அத்தியாயம் வரை பொறுத்துக்கொள்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தான். யாரென்றே தெரியாத அந்தப் பையன் சொன்னதற்காக, அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்துக்கொண்டேன். ஒன்பதாவதில் நிஜமாகவே படகு கவிழ்ந்தது. அது ரொம்ப மட்டமான புத்தகம் என்று முப்பது வயசில்தான் தெரிந்தது.

நூலகப் பையன் சீலில் பார்த்ததும் இதைத்தான். தன்னைப் போல ஒருத்தன் இந்த வழியாகப் போயிருக்கிறானா? 'பக்கம் 46 பார்' என்று பென்சிலில் இருக்கும், 46இல் '112 பார்', 112இல் 'ஏமாந்தாயா லூசு'. கிளை நூலகத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். புத்தகத்தைக் கெடுப்பது தப்புதான், ஆனால் அந்தக் கிறுக்கலைத் தேடியே நான் சில புத்தகங்களை முடித்திருக்கிறேன். உங்கள் பரண் நாவலிலும் சித்தி கிழித்துச் சேர்த்த கை இருந்தது, ஒளித்துப் படிக்கிற பயமும் இருந்தது. ஷோகேஸ் செட்டில் அம்மாவின் ஆசை மட்டும்தான் இருக்கிறது. ஐந்து பாக ஆசை, கனம் அதிகம்.

சரி, என்ன செய்யலாம்? அந்த செட்டை ஷோகேஸிலிருந்து எடுத்துவிடுங்கள். பரண் இருந்தால் பரண், இல்லாவிட்டால் துணி மடிக்கிற இடம். முதல் பாகத்தை அவள் தோழி யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை. 'படிச்சியா, எத்தனை பக்கம் முடிஞ்சது' என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு என்று சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இலேயே நூலகங்களுக்கு விதி எழுதினார். அந்த வாசகர் இந்த அரைப் பரீட்சைக்குள் வரவேண்டும் என்று அவர் எழுதவில்லை. பத்தாவதைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. நம் ஊர்ப் பக்கத்துப் பள்ளிகள் அதைப் பார்த்துக்கொள்ளும், வேண்டிய மட்டும்.

முடிந்தால் அவள் முடித்துவைத்த ஒரு மாங்காவைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். வலது பக்கம் மேல் கட்டத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏற்காடு பஸ்ஸில் முதல் நாலு வளைவு மாதிரி கொஞ்சம் தலை சுற்றும், அப்புறம் பழகிவிடும். அவள் படிப்பது எந்தத் தொடர் என்று நீங்கள் எழுதவில்லையே? கேட்டு எழுதுங்கள். நூலகப் பையன் அடுத்த தடவை வந்தால் சொல்ல உதவும்.