சேகரித்த பொருட்களிலிருந்து கலை பிறக்குமா?

ஓவியம் வரையத் தெரியாதவர், சேர்த்து வைத்த பொருட்களைக் கொண்டே கலை படைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கார்னெல் (1903–1972) கலைப்பள்ளியில் பயின்றவர் அல்லர். நியூயார்க்கின் பழைய புத்தகக் கடைகளிலும் மலிவுச் சாமான் கடைகளிலும் அலைந்து பொருள் சேர்த்தார். அவற்றைக் கண்ணாடி முகப்புள்ள மரப்பெட்டிகளில் அடுக்கினார். ஐரோப்பாவுக்கே போகாதவர், அங்குள்ள விடுதிகளின் விளம்பரத் துண்டுகளைப் பெட்டிகளில் ஒட்டினார்! எனக்கு மிகவும் பிடித்தது 1936ஆம் ஆண்டின் சோப்புக் குமிழிப் பெட்டி. நிலவின் வரைபடம், குமிழி ஊதும் களிமண் குழாய், கிண்ணத்தில் ஒரு முட்டை, பொம்மைத் தலை. குழந்தைப் பருவமும் வானமும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. எனவே, அழகான பொருளைத் தேடாதீர்கள். உங்களை விட்டு அகலாத ஒன்றை எடுத்து, அதற்குச் சற்றும் தொடர்பில்லாத இன்னொன்றை அருகில் வையுங்கள். பசையை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். பல நாள் இடம் மாற்றிப் பாருங்கள்.