ஜெர்மனியில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் இல்லத்தில் ஒரு வருடம் தன்னார்வலராகப் போகலாமா?

நீங்கள் சொல்லாவிட்டாலும் நிலைமை புரிகிறது. பி.ஈ. முடித்திருப்பீர்கள், ஜெர்மன் மொழியில் பி1 நிலை படித்துக்கொண்டிருப்பீர்கள், ஜெர்மனிக்குள் நுழைய இது ஒரு வாசல் என்று யாராவது யூடியூபில் சொல்லியிருப்பார்கள். குறையாகச் சொல்லவில்லை. 2016ல் நானும் அப்படித்தான் போனேன். சேவை மனப்பான்மையெல்லாம் பிறகு வந்தது. வந்ததா என்பதிலும் எனக்கே சந்தேகம்தான்.

நீங்கள் கேட்பது பெரும்பாலும் 'பூண்டெஸ்ஃப்ரைவில்லிகன்டீன்ஸ்ட்' என்ற ஜெர்மன் அரசின் தன்னார்வச் சேவைத் திட்டமாக இருக்கும். அதில் சேர்பவரை 'புஃப்டி' என்பார்கள். 2011ல் கட்டாய ராணுவ சேவையை நிறுத்தினார்கள். ராணுவத்துக்குப் பதிலாக இல்லங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலை பார்த்த பையன்களும் அதோடு நின்றுபோனார்கள். அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் இது. ஆக, அவர்களுக்கு ஆள் தேவை, நமக்கு விசா தேவை. எங்கள் இல்லத்தில் தங்க அறை, சாப்பாடு, இன்சூரன்ஸ், மாதம் 300 யூரோ கைச்செலவு. விமான டிக்கெட் நம் காசு. இல்லங்களுக்கு நாமே நேரடியாக எழுதலாம். லட்சக்கணக்கில் கேட்கிற ஏஜென்ட் வாசல்படியை மிதிக்காதீர்கள்.

நான் போனது தெற்கு ஜெர்மனியில், போடன்சே ஏரிக்கு வடக்கே ஒரு கிராமம். ஒரு வீட்டில் எட்டுப் பேர், 11 வயதிலிருந்து 19 வரை. காலை ஆறேகாலுக்கு ஷிஃப்ட். எழுப்புவது, டயப்பர் மாற்றுவது, தூக்கும் கருவியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது. சிலருக்குத் தண்ணீரைக்கூட ஒரு பொடி கலந்து கெட்டியாக்கித்தான் தர வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். "நம்ம வீட்டுப் பிள்ளை அங்க போய்க் கண்டவன் மலத்தை அள்ளணுமா?" என்று பெரியப்பா கேட்டார். ஆமாம், அள்ளினேன். இங்கே இல்லாத இல்லமா என்று கமென்ட்டில் கேட்க வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இருக்கிறது. நான் போகவில்லை. உண்மை அதுதான்.

என் பி1 ஜெர்மன் அந்த ஊர்ப் பேச்சுக்கு முன்னால் செல்லாக்காசு. பேச்சே வராத ஒரு பதினேழு வயதுப் பையனோடுதான் எனக்கு முதலில் பேச்சு ஓடியது. சக்கர நாற்காலி, வலது கை மட்டும் சொன்னபடி கேட்கும், மடியில் பட அட்டைகள் உள்ள கோப்பு. நான் காலுறை மாட்டாமல் நேராகக் காலைத் தாங்கும் பட்டையைக் கட்டப் போனால் 'நிறுத்து' அட்டையைத் தட்டுவான். பொறுமையாகத் தட்டுவான், புது ஆள் என்று தெரியும்.

இரண்டாவது மாதம் அவன் அறையிலிருந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு அவனைக் காட்டினேன். அம்மா "ஐயோ பாவம்" என்றார். பொறுப்பாளர் அம்மாள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: "அது அவன் அறை. அவனைக் கேட்டாயா?" கேட்கவில்லை. ஊரில் அந்த வயதில் என்னையே யாரும் எதையும் கேட்டதில்லை என்று சொல்லத் தோன்றியது. சொல்வதற்கு ஜெர்மன் போதவில்லை.

27 வயதுக்குக் கீழே என்றால் வருடத்தில் 25 நாள் கருத்தரங்கு உண்டு. பாதி ஒப்புக்குத்தான். ஒரு நாள் ஸ்வேபிய மலைப்பகுதியில் கிராஃபெனெக் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். 1940ல், ஒரே வருடத்தில், நாஜிகள் 10,654 பேரை அங்கே விஷவாயுவில் கொன்றார்கள். எல்லாரும் ஊனமுற்றவர்கள், மனநோயாளிகள். எங்களுடையதைப் போன்ற இல்லங்களிலிருந்து பஸ்ஸில் ஏற்றி வந்தார்கள். அதற்கு முன்னால் அதுவே மாற்றுத்திறனாளிகள் இல்லம்தான், இன்றைக்கும் அதேதான். நினைவிடத்துக்குப் பக்கத்தில் ஆட்கள் வசிக்கிறார்கள். அங்கே குடியிருக்கும் ஒருவர் எங்களிடம் மணி கேட்டுவிட்டுத் தன்பாட்டுக்குப் போனார். அன்று சாயங்காலம் பள்ளி பஸ்ஸிலிருந்து அந்தப் பையனை இறக்கும்போது எனக்குக் கை நடுங்கியது.

இதையெல்லாம் ரெஸ்யூமேயில் எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? திரும்பி வந்ததும் சென்னையில் ஒரு இன்டர்வியூ. "ஒரு வருஷம் கேப் விழுந்திருக்கே" என்றார் ஹெச்.ஆர். விளக்கினேன். "ஓகே, ஆனா டெக்னிக்கலா அது கேப்தானே?" என்றார். ஆறு மாதம் வீட்டில் படுத்துக்கிடந்த என் நண்பன் 'ஃப்ரீலான்ஸ்' என்று போட்டு உள்ளே போய்விட்டான். சரி, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது: நாம் போவது அவர்களுக்கு நல்லதா? எனக்குப் பதில் தெரியாது. பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் பிள்ளைகளைக் கொஞ்சவிடுகிற இடங்களுக்குப் போகாதீர்கள், அது மட்டும் உறுதியாகச் சொல்வேன். போலீஸ் சான்றிதழ்கூடக் கேட்காமல் சேர்த்துக்கொண்டால் உஷாராகுங்கள். ஒரு வருடம் என்பதே குறைச்சல்தான்.

இல்லத்தில் எங்கள் வீட்டு நடையில் ஒரு பலகை உண்டு. இன்றைக்கு யார் ஷிஃப்ட் என்று எங்கள் போட்டோவை அதில் வெல்க்ரோவால் ஒட்டுவார்கள். தினமும் காலையில் அந்தப் பட அட்டைப் பையனுக்கு முதலில் அதைப் பார்த்தாக வேண்டும். கடைசி நாள் நான் அழுவேனோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவன் நாற்காலியை நகர்த்தி வந்து, என் போட்டோவைப் பிய்த்து, கீழே இருந்த டிராயரைத் திறந்து போட்டான். உள்ளே பழைய புஃப்டிகளின் போட்டோக்கள் கிடந்தன. எண்ணினேன், ஒன்பது. பிறகு காலியான இடத்தைக் காட்டிப் பொறுப்பாளர் அம்மாளைப் பார்த்தான். "கொலம்பியாவிலிருந்து ஒரு பெண், திங்கட்கிழமை வருகிறாள்" என்றார்.

தலையாட்டிவிட்டு, என்னைப் பார்த்து 'காபி' அட்டையைத் தட்டினான். மணி மூன்றரை. பொடி கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.