பைக்கை ஏற்றி வேலை பார்க்க மரமேடை செய்தால் தாங்குமா?

தாராளமாகத் தாங்கும். 200 கிலோ பைக் நல்ல மரச்சட்டத்துக்குப் பெரிய எடையே இல்லை. ஆபத்து பக்கவாட்டு ஆட்டத்தில்தான். இறுகிப்போன நட்டைக் கழற்ற ஸ்பேனரை இழுக்கும்போது மேடை ஆடினால் பைக் உங்கள் மேலேயே சாயும். அதனால் மேடையின் கால்களுக்கிடையே மூலைக்கு மூலை சாய்வுச்சட்டம் கட்டாயம் வேண்டும். இணைப்புகளுக்கு ஆணி வேண்டாம், போல்ட் போட்டு முடுக்குங்கள்.

மேல்தளத்துக்கு 18 மி.மீ. பிளைவுட், அடியில் 30 செ.மீ.க்கு ஒரு குறுக்குச்சட்டம். சைடு ஸ்டாண்டு ஊன்றும் இடத்தில் இரும்புத் தகடு பதியுங்கள்; அந்தச் சின்ன நுனி பிளைவுட்டில் குழி பறிப்பதை நானே பார்த்திருக்கிறேன். முன்சக்கரத்தின் இருபுறமும் கட்டை, பைக்கைப் பட்டையால் இழுத்துக் கட்ட நான்கு வளைய போல்ட். மேடை முழங்கால் உயரம் இருந்தால் போதும், முக்காலியில் உட்கார்ந்தால் எஞ்சின் கைக்கெட்டும். ஏற்றும் சாய்பலகை நீளமாகவே இருக்கட்டும். குட்டையாக இருந்தால் பைக்கின் அடிப்பகுதி விளிம்பில் இடிக்கும்.